பரம்பரை என்று சொல்லித் தப்பித்தேன்

பெங்களூர் மர்பி டவுனில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவன் நான். 2018 ஆகஸ்டில், காலில் புண்ணும் ஜுரமுமாக வந்த ஒருவரைச் சரியாகப் பார்க்காமல் மாத்திரை எழுதி வீட்டுக்கு அனுப்பினேன். அவர் செப்சிஸில் இறந்துபோனார். இது முதல் தவறு. அவருடைய மனைவி காரணம் கேட்டு வந்தபோது, "அவர் உடம்பு வாகு அப்படிம்மா. பரம்பரையா வர்றது" என்று சொன்னேன். இது இரண்டாவது தவறு. முதல் தவறு சில நிமிட அலட்சியத்தில் நடந்தது. இரண்டாவதைத் தெரிந்தே செய்தேன், ஆண்டுக்கணக்கில் திருத்தாமலும் விட்டேன். ஆகவே இரண்டாவதுதான் பெரியது.

நான் சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் என்றைக்கோ பிடிபட்டிருப்பேன். அதில் உண்மை கலந்திருந்தது. ஒரே கிருமி ஒருவரை இரண்டு நாள் படுக்க வைத்து விட்டுவிடுகிறது, இன்னொருவரைக் கொன்றுவிடுகிறது. இந்த வேறுபாட்டில் மரபணுவுக்குப் பங்கு உண்டு என்பதற்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. அந்த உண்மைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

எங்கள் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பு நாக்ஸ்பேட்டை என்று இருந்து, கன்டோன்மென்ட் காலத்து என்ஜினியர் மர்பியின் பெயரைப் பெற்ற இடம். அல்சூர் ஏரிக்குப் பக்கம். தமிழ் பேசும் உழைப்பாளிக் குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கே இருக்கின்றன. இங்கிருப்பவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்பது ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போகிற இடம். அதனால் முதலில் தெருமுனை டாக்டரிடம்தான் வருவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதா, வீட்டுக்குப் போவதா என்பதை அந்த ஒரு டாக்டர்தான் முடிவு செய்கிறார். அந்த இடத்தில் நான் இருந்தேன்.

வந்தவர் டைல்ஸ் போடும் வேலை செய்பவர், வயது 44. உடைந்த டைல்ஸ் விளிம்பு வலது முழங்காலுக்குக் கீழே கிழித்து நான்கைந்து நாளாகியிருந்தது. புண் சின்னதுதான். ஆனால் அதைச் சுற்றிக் கால் சிவந்து வீங்கி, தொட்டால் சுட்டது. ஜுரம் 102. இரவு எட்டு மணி தாண்டியிருந்தது, பெஞ்சு நிறைய ஆள். ஆகஸ்ட் மாதத்தில் பெங்களூரில் யாருக்கு ஜுரம் வந்தாலும் வீட்டிலுள்ளவர்கள் கேட்பது பிளேட்லெட் எண்ணிக்கையைத்தான். அன்று என் தலைக்குள்ளும் டெங்கு ஒன்றே ஓடிக்கொண்டிருந்தது.

காலை அழுத்திப் பார்த்தேன். ஆக்மென்டின் என்ற ஆன்டிபயாடிக்கும் ஜுரத்துக்கு டோலோவும் எழுதினேன். வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி ஒன்று போட்டேன். "நாளைக்கு பிளேட்லெட் பாத்துடலாம், ரெண்டு நாள் கழிச்சுக் காலைக் காட்டுங்க" என்றேன். சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்த அவருடைய மனைவி கதவருகே நின்று சொன்னார்:

"சார், மத்தியானத்துலருந்து ஒரு மாதிரி சம்பந்தமில்லாம பேசறாரு. ஒண்ணுக்கும் போகல."

"ஜுர வேகத்துல அப்படித்தான் இருக்கும்மா. இளநீர் குடுங்க, சரியாயிடும்."

இதை எழுதும்போது கூசுகிறது. மருத்துவம் படிக்காத ஒரு பெண் செப்சிஸின் இரண்டு அடையாளங்களை ஒரே மூச்சில் என்னிடம் சொன்னார். மூளை தடுமாறுகிறது, சிறுநீரகம் நிற்கிறது. நான் அதற்கு இளநீர் சொன்னேன்.

2016-ல் உலக அளவில் நிபுணர்கள் கூடி செப்சிஸுக்குப் புது வரையறை கொடுத்தார்கள். தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் எதிர்வினை நிலைதவறி, சொந்த உறுப்புகளையே செயலிழக்க வைத்து, உயிருக்கு ஆபத்தாகும் நிலை என்பது அதன் சாரம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். ரத்தக் குழாய்கள் கசிகின்றன, ரத்த அழுத்தம் விழுகிறது, நுண்குழாய்களில் ரத்தம் உறைகிறது, மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போக வேண்டியது போவதில்லை. படுக்கை அருகிலேயே சந்தேகப்படுவதற்கு அதே நிபுணர்கள் மூன்று அடையாளங்களைச் சொன்னார்கள்: நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல் மூச்சு, 100 அல்லது அதற்குக் கீழே மேல் ரத்த அழுத்தம், தடுமாறும் புத்தி. இந்த மூன்றை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்று 2021-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் எச்சரிக்கிறது. நானோ மூன்றில் இரண்டைப் பார்க்கவே இல்லை, மூன்றாவதைக் காதில் வாங்கித் தட்டிவிட்டேன். பி.பி. கருவி என் மேசைமேலேயே இருந்தது. சுகர் பார்க்கும் கருவி இழுப்பறையில் இருந்தது.

மறுநாள் காலை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். கை கால் சில்லிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறப்பதே கஷ்டமாக இருந்தது. மேல் ரத்த அழுத்தம் 70. டிரிப்ஸ் ஏற்றி ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஐ.சி.யு.வில் அடுத்த நாள் மாலை இறந்தார். ரத்தத்தில் வளர்ந்தது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸ் என்ற கிருமி. அங்கே சேர்த்தபோது அவருடைய சர்க்கரை 380. தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதே அவருக்குத் தெரியாது. விரலில் ஒரு குத்து குத்தியிருந்தால் முந்தைய இரவே எனக்குத் தெரிந்திருக்கும்.

காரியம் முடிந்து அவருடைய மனைவி வந்தார். சண்டைக்கு வரவில்லை. "அதே சைட்ல அவர் தம்பிக்கும் கையில இதே மாதிரிதான் கிழிச்சுது. நீங்க குடுத்த மாத்திரையிலேயே ஆறிடுச்சு. இவருக்கு மட்டும் ஏன் சார்?" என்று கேட்டார். பேச்சோடு பேச்சாக, மாமனாரும் நாற்பது வயதுக்குள் ஆரணிப் பக்கம் ஏதோ விஷ ஜுரத்தில் போய்விட்டதாகச் சொன்னார். நான் அதைப் பற்றிக்கொண்டேன். அப்பாவுக்கும் அப்படி, மகனுக்கும் அப்படி, ரத்தத்திலேயே இருக்கிறது, யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு போனார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. சொன்னதற்கு ஆதாரம் தேடினேன். கிடைத்தது, நிறையவே கிடைத்தது.

முதலில் சிக்கியது 1988-ல் வெளிவந்த டென்மார்க் ஆய்வு. 1924 முதல் 1926 வரை பிறந்து, உறவில்லாத வீடுகளில் தத்துப் பிள்ளைகளாக வளர்ந்தவர்களைச் சோரன்சன் என்பவரின் குழு பின்தொடர்ந்தது. 960 குடும்பங்கள். பெற்ற தாயோ தந்தையோ 50 வயதுக்குள் தொற்றுநோயில் இறந்திருந்தால், எங்கோ வேறு வீட்டில் வளர்ந்த பிள்ளையும் தொற்றுநோயில் இறக்கும் ஆபத்து கிட்டத்தட்ட 5.8 மடங்கு. வளர்த்த பெற்றோர் தொற்றில் இறந்திருந்தால் அந்த ஆபத்து கூடவில்லை. சோறும் வீடும் காற்றும் வளர்த்தவர்களுடையது, ஆபத்து வந்தது பெற்றவர்களிடமிருந்து. ஆரணியில் இறந்த அந்த மாமனார் எனக்கு நினைவுக்கு வந்தார். எனக்கு விடுதலை கிடைத்துவிட்டதாக நினைத்தேன்.

அடுத்தது 2002-ல் மலாக் கோட்ப் குழு வெளியிட்ட ஆய்வு. அது இவரைக் கொன்ற அதே ஸ்ட்ரெப்டோகாக்கஸைப் பற்றியது. ஒரே ரகக் கிருமி சிலருக்கு லேசான தொற்றோடு போக, வேறு சிலருக்கு ரத்த அழுத்தம் சரியும் அதிர்ச்சி நிலையையும் சதை அழுகலையும் ஏன் கொண்டுவருகிறது என்று அவர்கள் கேட்டார்கள். விடை எச்.எல்.ஏ. மரபணுக்களில் கிடைத்தது. நம் செல்களின் மேற்பரப்பில் இருந்து, உள்ளே வந்த அந்நியப் பொருளை எதிர்ப்பு செல்களுக்கு எடுத்துக் காட்டும் புரதங்களின் மரபணுக்கள் இவை. இந்தக் கிருமியின் நஞ்சு அந்தப் புரதத்தையும் டி செல் என்ற எதிர்ப்பு செல்லையும் ஒன்றாகப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. உடனே டி செல்கள் கூட்டமாகக் கிளம்பி, ரசாயனத் தூதர்களை வெள்ளமாகக் கொட்டுகின்றன. நஞ்சு எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்பது ஒருவரின் எச்.எல்.ஏ. வடிவத்தைப் பொறுத்தது. சில வடிவங்கள் ஆபத்தைக் கூட்டின, ஒரு வடிவம் காப்பாற்றியது.

1999-ல் பிரான்ஸ் ஐ.சி.யு.க்களில் மிரா குழு செய்த ஆய்வையும் படித்தேன். டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தின் மரபணுவுக்கு முன்னால் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தவர்களுக்கு செப்சிஸ் முற்றி வரும் அதிர்ச்சி நிலையில் (செப்டிக் ஷாக்) இறக்கும் ஆபத்து 3.7 மடங்காக இருந்தது. பிறகு வந்த ஆய்வுகள் சில அதோடு ஒத்துப்போயின, சில ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாதவற்றை நான் வேகமாகப் புரட்டிவிட்டேன். நேர்மையாகப் படிக்கிறவன் அங்கேதான் நின்றிருப்பான்.

நின்று படித்திருந்தால் புரிந்திருக்கும். ஒரே மரபணு பழுதாகி, சிறு வயதிலேயே மறுபடி மறுபடி கடுந்தொற்று வரும் அரிய நோய்கள் உண்டு. அவை தனி. நம்மில் பெரும்பாலோருக்கு செப்சிஸின் தீவிரத்தைப் பல மரபணு மாற்றங்கள் சேர்ந்து, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக, கூட்டியோ குறைத்தோ வைக்கின்றன. அவற்றோடு வயது, சர்க்கரை, கிருமியின் ரகம், எவ்வளவு சீக்கிரம் மருந்து போனது எல்லாம் சேர்கின்றன. ஓர் ஊரில் கண்டது இன்னோர் ஊருக்குப் பொருந்தும் என்ற உறுதியும் இல்லை. 2020-ல் செபர்க், பேபோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் நியாண்டர்தால் என்ற பழங்கால மனித இனத்திடமிருந்து வந்த ஒரு மரபணுத் துண்டு கோவிட்டைத் தீவிரமாக்குகிறது என்று காட்டினார்கள். தெற்காசியாவில் ஏறக்குறைய பாதிப் பேரிடமும், ஐரோப்பாவில் 16 சதவீதம் பேரிடமும் அது உண்டு. அப்போது கிளினிக்கில் பலரும் "நம்ம ஜீனே அப்படியாமே" என்றார்கள். ஆனால் ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்தின் தங்கராஜ் உள்ளிட்டோர் 2021-ல் தெற்காசிய மக்களிடம் தேடியபோது அந்தத் தொடர்பு தென்படவில்லை. இந்தியர்களின் மரபணுவை இந்தியர்களிடம்தான் படிக்க வேண்டும். அதற்கான அடித்தளம் எங்கள் ஊரிலேயே, இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம் முன்னின்று நடத்திய ஜீனோம் இந்தியா திட்டத்தில் இடப்பட்டிருக்கிறது. பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத் தொகுப்பு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 2018-ல் ஒரு டைல்ஸ் தொழிலாளியின் சாவுக்கு மரபணுவைக் காரணம் சொல்ல என்னிடம் எந்த அடிப்படையும் இல்லை. அவருடைய மரபணுவை யாரும் பார்த்ததே இல்லை.

தம்பி பிழைத்ததைப் பரம்பரையால் விளக்கியதும் அப்படித்தான். உடன்பிறந்தவர்கள் சராசரியாகப் பாதி மரபணு மாற்றங்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருவர் பிழைத்தார், ஒருவர் இறந்தார் என்பதை வைத்து மரபணுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. தம்பிக்குச் சர்க்கரை இல்லை. கிழித்த மறுநாளே வந்தார். புண்ணைக் கழுவிக் கட்டினேன். கண்ணெதிரே இருந்த இந்த மூன்று வேறுபாடுகளையும் விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத நான்காவதைச் சொன்னேன். அந்த நான்காவதில் மட்டும்தான் என் பங்கு எதுவும் இல்லை.

இன்னும் கசப்பான ஒன்று உண்டு. அந்த டென்மார்க் ஆய்வை நான் தலைகீழாகப் படித்தேன். தகப்பன் சின்ன வயதில் தொற்றில் இறந்திருக்கிறார் என்பது உண்மையிலேயே ஒரு குறிப்பென்றால், அது நோயாளி உயிரோடு இருக்கும்போது டாக்டரை உலுக்க வேண்டிய குறிப்பு. மயக்க மருந்து நிபுணர்கள் இதை நன்றாக அறிவார்கள். வைசிய சமூகத்தில் சிலருக்கு, ஆபரேஷனில் தசையைத் தளர்த்தப் போடும் சக்சினைல்கோலின் மருந்தை உடைக்கும் என்சைம் பிறவியிலேயே குறைவு. சில நிமிடங்களில் தெளிய வேண்டியவர் மணிக்கணக்கில் மூச்சுவிட முடியாமல் வென்டிலேட்டரில் கிடப்பார். அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை, கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கெடுத்த ஆய்வு ஒன்று 2006-ல் கண்டு சொன்னது. அதற்கு முன்பிருந்தே, தென்னிந்தியாவில் விவரம் அறிந்த மயக்க மருந்து டாக்டர் ஊசியை எடுக்கும் முன் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடுவார். பரம்பரை அவருக்கு முன்னெச்சரிக்கை. நான் சாவு விழுந்த பிறகுதான் பரம்பரையைத் தேடினேன்.

கைக்குள் இருந்தது எது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஆனந்த் குமார் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், செப்சிஸில் ரத்த அழுத்தம் விழுந்த பிறகு முதல் ஆறு மணி நேரத்தில் சரியான ஆன்டிபயாடிக் தாமதமான ஒவ்வொரு மணிக்கும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 சதவீதம் குறைந்தது. பிறகு வந்த ஆய்வுகளில் இந்த அளவு குறைவாகத் தெரிந்தது. ஆனால் தாமதம் கொல்கிறது என்பது மாறவில்லை. நான் அவரை அனுப்பியது இரவு எட்டரைக்கு, திரும்ப வந்தது விடிந்த பிறகு. அவருக்கு அன்றிரவு வேண்டியிருந்தது நரம்பு வழியாக மருந்தும் திரவமும். நான் கொடுத்தது மாத்திரை. போதாததற்கு, ரத்தம் குறைந்து தவித்த சிறுநீரகத்தை இன்னும் நெருக்கும் டைக்ளோஃபெனாக். இரவே அனுப்பியிருந்தால் கண்டிப்பாகப் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. பிழைக்கக்கூடிய மணி நேரங்களை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன் என்று சொல்கிறேன்.

பொய் என்னோடு நின்றிருந்தால் என் மனசாட்சியோடு போயிருக்கும். அது அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மகனுக்கு லேசாக உடம்பு சுட்டாலும் அந்த அம்மா இரவெல்லாம் விழித்திருந்தார். சொந்தக்காரர்கள் "அந்த வம்சத்துல ஆம்பளை தங்காது" என்று பேசினார்கள். போன வருஷம் மகளோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை வீட்டுல ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க சார். ரத்தத்துலயே இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க. எங்க எடுக்கறது, எவ்வளவு ஆகும்?"

அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படித்து, வேலைக்குப் போகிற பெண். என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் சொன்ன ஒரு வாக்கியம் அவளுடைய கல்யாணத்தின் குறுக்கே நின்றது. அன்றைக்கும் எனக்குத் தைரியம் வரவில்லை. அப்படி ஒரு டெஸ்ட் தேவையே இல்லை, வேண்டுமானால் மாப்பிள்ளை வீட்டாரிடம் நானே பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அதுவும் பாதி உண்மைதான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். தம்பியும் இருந்தார். அன்றிரவு நான் எதைப் பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை, நீங்கள் சொன்ன எதைத் தட்டிவிட்டேன் என்று வரிசையாகச் சொன்னேன். பரம்பரை என்று சொன்னது என்னை மறைக்க என்றும் சொன்னேன். தம்பி எழுந்து வெளியே போய்விட்டார். அந்த அம்மா வெகுநேரம் பேசவில்லை. கடைசியில், "ஒரு நாள் முன்னாடியே கூட்டிட்டு வராதது என் தப்புன்னுதான் இத்தனை வருஷமும் இருந்தேன்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை. பொய்யின் இந்தப் பக்கத்தை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை: நான் இறக்கி வைத்த பழியை அவர் சுமந்துகொண்டிருந்தார்.

இப்போது ஜுரத்தோடு வரும் ஒவ்வொருவருக்கும், பெஞ்சில் எத்தனை பேர் காத்திருந்தாலும், கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணுகிறேன். பி.பி.யும் சுகரும் பார்க்காமல் சீட்டு எழுதுவதில்லை. பேச்சு மாறியிருக்கிறதா, சிறுநீர் போனதா என்று கூட வந்தவர்களைக் கேட்கிறேன். வீட்டில் யாராவது 50 வயதுக்குள் தொற்றில் இறந்திருக்கிறார்களா என்றும் கேட்கிறேன். ஆம் என்றால் இன்னும் சீக்கிரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன். இதையெல்லாம் சாதனையாகச் சொல்லவில்லை. குடும்பத்தைப் பற்றிய கேள்வியைத் தவிர, இவையெல்லாம் 2018-லேயே எனக்குத் தெரிந்திருந்தவை.

2017-ல் மட்டும் உலகத்தில் ஏறக்குறைய 4.89 கோடிப் பேருக்கு செப்சிஸ் வந்து, 1.1 கோடிப் பேர் இறந்தார்கள் என்று லான்செட் மருத்துவ இதழில் வந்த மதிப்பீடு சொல்கிறது. அந்த ஆண்டின் ஐந்து மரணங்களில் ஒன்று. மரபணு ஆராய்ச்சி வளர வேண்டும். யாருக்கு எந்த மருந்து, எவ்வளவு சீக்கிரம் என்று ஒருநாள் அது சொல்லட்டும். அதுவரைக்கும், அதற்குப் பிறகும், அது என்னைப் போன்றவர்களுக்கு ஒளிந்துகொள்ளும் இடமாகிவிடக் கூடாது. உங்கள் வீட்டில் ஒருவர் தொற்றில் இறந்து, டாக்டர் உடம்பு வாகு என்றோ பரம்பரை என்றோ சொன்னால், அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். மூச்சை எண்ணினீர்களா, ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது, நாங்கள் சொன்னதற்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். மர்பி டவுனில் இருப்பவர்கள் என்னிடமும் கேளுங்கள். பதில் சொல்ல நான் கடமைப்பட்டவன்.